மல்லிச் செடியில் கோளாறா? மருந்துக் கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். மதுரைக்குப் பக்கம் திருமங்கலத்தில் பட்டறை. வாசலில், பாதியாக அறுத்த இரண்டு டிரம்மில் குண்டுமல்லி நிற்கிறது. அப்புறம் வலையங்குளம் பக்கம் மாமனார் நிலத்தில் நாலு சென்ட்டில் நூறு செடி. போர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வார்னிஷ் காயும் வரை சும்மா நிற்க மாட்டாமல், டிரம்மைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நம்ம வீட்டு மல்லி மட்டும் ஏண்ணே இப்படி?" என்று ஆரம்பிப்பார்கள். வருஷக்கணக்காக அதே ஏழெட்டுக் கேள்விதான், ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப் போய்தான் இதை எழுதுகிறேன்.

மோட்டார் ஓடவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் கெப்பாசிட்டர், அதெல்லாம் சரியாக இருந்தால்தான் காயிலைப் பிரிப்போம். மல்லி விஷயத்தில் ஜனங்கள் எடுத்த எடுப்பிலேயே காயிலைப் பிரிக்கிறார்கள். இலை மஞ்சளானால் ஒரு மருந்து, மொக்கு உதிர்ந்தால் ஒரு மருந்து, கடைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அது. நான் பார்த்ததில் பாதிக்கு மேல் தண்ணீர்க் கோளாறும் கிளை வெட்டாத கோளாறும்தான். உங்கள் செடியில் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள், முழுக்கப் படிக்க வேண்டியதில்லை.

செடி காடாக வளர்கிறது, பூ மட்டும் இல்லை

முதலில் காலண்டரைப் பாருங்கள். ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை மல்லி குறையத்தான் செய்யும். அந்தப் பனியில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கே வரத்து இல்லாமல் பொங்கலுக்குக் கிலோ ஆயிரக்கணக்கில் போகிறது, உங்கள் வீட்டுச் செடி மட்டும் பூத்துத் தள்ளுமா? பங்குனி, சித்திரையில் பூக்காவிட்டால்தான் கோளாறு.

அடுத்தது வெயில். ஒரு நாள் காலை 8 மணி, மதியம் 12, சாயங்காலம் 4, மூன்று தடவை போய்ச் செடி மேல் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுப் பூவை எதிர்பார்ப்பது வீண். தொட்டியென்றால் மொட்டை மாடிக்கு ஏற்றிவிடலாம், காசில்லாத வேலை.

வெயில் சரியென்றால் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. மல்லி புதிதாக வெடிக்கிற குருத்தில்தான் பூக்கும், பழைய குச்சியில் பூக்காது. "பாவம், நல்லா வளருது, எதுக்கு வெட்டணும்" என்று விட்டு வைக்கிற வீடுகளில்தான் இந்தப் புகார் அதிகம். நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்தில், அதாவது முழங்கால் அளவில், ஒட்ட வெட்டிவிட வேண்டும். வெட்டுவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு, வெட்டிய பின் காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசுகிற குச்சி, நோயடித்த குச்சி எல்லாவற்றையும் எடுத்து, மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். முதல் தடவை நான் அப்படி வெட்டியபோது மாமனார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, மாசிக் கடைசியில் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். பக்கத்தில் முல்லை இருந்தால் அதையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள், அதற்கு ஜனவரி கடைசிதான் கணக்கு.

நவம்பரைத் தவற விட்டிருந்தால் இப்போது மொத்தமாக வெட்ட வேண்டாம். பூ ஓய்ந்த கிளைகளின் நுனியை மட்டும் இரண்டு கணு நறுக்கிவிட்டு அடுத்த நவம்பருக்குக் காத்திருங்கள்.

கவாத்தும் செய்தாயிற்று, வெயிலும் இருக்கிறது, இலை கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கிறது என்றால் தழைச்சத்து கூடிப்போயிருக்கிறது. யூரியாவையோ சாணிக் கரைசலையோ வாராவாரம் ஊற்றுகிறீர்களா என்று யோசியுங்கள், நிறுத்துங்கள். நிலத்தில் நிற்கும் வளர்ந்த செடி ஒன்றுக்கு வருஷத்துக்கே தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120, கூடப் பத்துக் கிலோ தொழு உரம். கடைக் கணக்கில் யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். அதையும் இரண்டாகப் பிரித்து, பாதியைக் கவாத்து முடிந்ததும், மீதியை ஜூன், ஜூலையிலும் போட வேண்டும். தொட்டிச் செடிக்கு இந்தக் கணக்கில் போட்டால் கருகிவிடும், அதற்கு மாதம் ஒரு கைப்பிடி மட்கிய எருவே தாராளம்.

இந்த அறிகுறிக்கு ஆளைக் கூப்பிட வேண்டிய ஒரே இடம் மரக்கிளை. நிழல் தரும் கிளை மின்கம்பியை ஒட்டி இருந்தால் நீங்களே அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள். மின்வாரியத்தில் சொல்லி, லைனை நிறுத்திய பிறகு, மரம் வெட்டுகிறவரை விட்டு எடுங்கள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

*நுனிக் குருத்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை*

இரும்புச் சத்து செடிக்குள் ஏறவில்லை. நம் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் இது சாதாரணம். அதைவிடச் சாதாரணம், காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வைத்த செடி. வீடு கட்டும்போது கொத்தனார் கொட்டிய பூச்சுக் கலவையும் சிமெண்ட் கட்டியும் அந்த மண்ணுக்குள்தான் கிடக்கும். ஒரு கை மண்ணைக் காயவைத்து, தட்டில் பரப்பி, மேலே வினிகரை விடுங்கள். காதுக்குப் பக்கத்தில் வைத்தால் சோடா மாதிரி சுர்ர்ரென்று கேட்கும், சின்னச் சின்ன நுரை கிளம்பும். கிளம்பினால் சுண்ணாம்பு.

அன்னபேதி உப்பு (இரும்புச் சத்து உப்பு), லிட்டருக்கு 5 கிராம், அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கலக்கி, வெயில் தாழ்ந்ததும் இலையின் மேலும் கீழும் நனைகிற மாதிரி தெளியுங்கள். கலக்கியவுடன் தெளித்துவிட வேண்டும், வைத்திருந்து பழுப்பானால் பிரயோஜனமில்லை. மாதம் ஒரு தடவை, புதுக்குருத்து பச்சையாக வரும்வரை. மாடித் தரையில் டைல்ஸ் இருந்தால் சாக்கை விரித்துவிட்டுத் தெளியுங்கள், என் வீட்டில் அந்தத் துருக்கறை இன்னும் போகவில்லை, அதைக் காட்டிக் காட்டியே வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

*அடி இலை மஞ்சளாகி உதிர்கிறது*

ஒன்றிரண்டு இலை என்றால் வயசு, விட்டுவிடுங்கள். நிறைய என்றால் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு இறக்குங்கள். சொதசொதவென்று இருந்தால் தண்ணீர் அதிகம், தொட்டியின் ஓட்டை அடைத்திருக்கும், ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். மண் காய்ந்து பொலபொலவென்று இருந்தும் மஞ்சளென்றால் பசி, எரு போடுங்கள்.

தண்ணீரும் சரி, எருவும் போட்டாயிற்று, ஆனாலும் வளர்த்தி குன்றி வருஷா வருஷம் தேய்கிறது என்றால் வேரைப் பாருங்கள். தூரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பறித்து நாலு சல்லி வேரை எடுத்துக் கழுவினால், பாசி கோர்த்த மாதிரி முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் நூற்புழு. வேப்பம் புண்ணாக்கைத் தூரைச் சுற்றிக் கொத்திவிட்டு, இடைவெளியில் துலுக்கச் சாமந்தியை நட்டு வையுங்கள். குணமாகாது, மட்டுப்படும். அந்தக் குழியிலிருந்து பதியம் (கிளையை மண்ணில் புதைத்து வேர்விட வைத்து எடுக்கும் கன்று) மட்டும் எடுக்காதீர்கள், புழுவும் சேர்ந்தே போகும்.

*இலை ஓரமும் நுனியும் கருகுகிறது*

உப்புத் தண்ணீர். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? போர்த் தண்ணீர் பிடிக்கிற வாளியில் வெள்ளைப் படிவு இருக்கிறதா? சோதனை முடிந்தது. இதைவிட மோசம், சுத்திகரிப்பு மெஷினிலிருந்து வெளியேறுகிற கழிவுத் தண்ணீரை "வீணாகப் போகுதே" என்று குழாய் போட்டுச் செடிக்குத் திருப்பிவிடுவது. ஏற்கெனவே உப்பான தண்ணீரின் உப்பெல்லாம் சேர்ந்ததுதான் அது. பட்டறை டிரம்மில் ஒன்றை நானே அப்படிக் கொன்றிருக்கிறேன், அதுவும் நாலு மாதம் மருந்தடித்துப் பார்த்துவிட்டு.

மழைத் தண்ணீரையோ நல்ல தண்ணீரையோ, தொட்டி கொள்ளுமளவுக்கு இரண்டு மடங்கு, மெதுவாக ஊற்றி அடி ஓட்டை வழியாக வடிய விடுங்கள். நிலத்தில் உப்பேறியிருந்தால் இந்த வைத்தியம் போதாது. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். நாலைந்து இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கி, மம்பட்டியால் ஆங்கில 'வி' மாதிரி 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டில் மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்திக் கொண்டுபோங்கள். ஜிப்சம் போடுவதா வேண்டாமா என்பதை அந்தச் சீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பக்கத்து வயல்காரர் போட்டார் என்று போடாதீர்கள்.

மொக்கு சிவந்து, ஊதாவாகி, பூக்காமல் காய்கிறது

அதிகம் பேர் ஏமாறுகிற இடம் இது. இரண்டு பூச்சி இருக்கிறது. இரண்டிலும் மொக்கு நிறம் மாறும், ஆனால் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு.

கெட்டுப்போன மொக்கு பத்தைப் பறித்து ஒரு வெள்ளைக் காகிதத்தில் வையுங்கள். வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் ஊசி குத்தின மாதிரி வட்டமான ஓட்டை, பக்கத்து மொக்கோடு மெல்லிய நூலால் ஒட்டிக்கொண்டிருப்பது, பிளந்தால் உள்ளே பூ நடுவெல்லாம் தின்று வெறும் கூடு: இது மொட்டுப்புழு. ஓட்டையே இல்லை, ஆனால் அடிப்பாகம் உப்பி, மொக்கு குட்டையாக, ரோஸ் கலரில் நிற்கிறது என்றால், நகத்தால் அடிப்பாகத்தை நீளவாக்கில் கீறிக் காகிதத்தின் மேல் பிதுக்குங்கள். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிகிற அளவில் புழுக்கள் நெளியும், கண் சரியில்லாதவர்கள் செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். இது மொட்டு ஈ.

இரண்டுக்கும் பொதுவான முதல் வேலை, கெட்ட மொக்கு எல்லாவற்றையும், கீழே உதிர்ந்ததையும் விடாமல் பொறுக்கி எரிப்பது. குப்பையில் போட்டால் அங்கேயே வளர்ந்து திரும்பி வரும். இரண்டும் மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும், அதனால் தூரைச் சுற்றி மண்ணைக் கொத்திக் கிளறி வெயில் காட்டி, வேப்பம் புண்ணாக்கு ஒரு கை போட்டு மூடுங்கள். மொட்டு ஈக்கு இந்த மண் வேலைதான் பாதி வைத்தியம். மேலே எவ்வளவு தெளித்தாலும் கிளறாவிட்டால் நிற்காது.

அப்புறம் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வாரம் ஒரு முறை. பூவெடுத்த பின் சாயங்காலம் தெளியுங்கள். வீட்டுச் செடிக்கு நான் இதைத் தாண்டிப் போவதில்லை. விடிகாலையில் பறித்துக் குழந்தை தலையில் வைக்கிற பூ, அதில் என்ன தெளிக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். தோட்டமாகப் போட்டிருப்பவர்கள், பத்து மொக்கில் மூன்று நாலு கெடுகிறது என்கிற நிலை வந்தால், கடைக்காரரைக் கேட்காமல் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் மொக்கைக் காட்டி, எந்த மருந்து, எத்தனை நாள் பூவெடுக்கக் கூடாது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நேற்று நன்றாக இருந்த செடி இன்று வாடிக் கிடக்கிறது

சாயங்காலம் வரை பொறுங்கள். சித்திரை வெயிலில் மதியம் தொங்கி, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்தால் ஒன்றுமில்லை, தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள், தூரைச் சுற்றிச் சருகை மூடாக்காகப் போடுங்கள்.

நிமிரவில்லையென்றால் நகத்தால் குச்சியின் பட்டையைச் சுரண்டுங்கள். நுனியிலிருந்து கீழ்நோக்கிச் சுரண்டிக்கொண்டே வாருங்கள், எங்கே பச்சை தெரிகிறதோ அதுவரை உயிர் இருக்கிறது, அதற்கு மேலே வெட்டிவிடலாம். அடி வரை பழுப்பென்றால் தூரின் மண்ணை ஒதுக்கிப் பாருங்கள். வெள்ளை நூல் படர்ந்து, கடுகு மாதிரி பழுப்பு மணிகள் ஒட்டியிருந்தால் வேரழுகல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், கரிசல் மண்ணில் தண்ணீர் நிற்கிற குழியில் வரும்.

செத்ததைக் காப்பாற்ற முடியாது. வேரோடும் அந்த மண்ணோடும் எடுத்து எரித்துவிட்டு, சுற்றி நிற்கும் செடிகளின் தூரில் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து நனைய ஊற்றி, வாய்க்காலை ஆழப்படுத்துங்கள். டிரைக்கோடெர்மா என்கிற நன்மை செய்யும் பூஞ்சையை எருவில் கலந்து போடுவது நல்லது, ஆனால் அதை இந்த மருந்தோடு சேர்த்துப் போட்டால் மருந்து அதையே கொன்றுவிடும், மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள். காலியான குழியில் உடனே புதுச்செடி வைக்காதீர்கள், கோடை முழுக்கத் திறந்து போட்டுக் காயவிடுங்கள்.

ஒரே வரிசையில் இரண்டாவது செடியும் வாடினால் இனி வீட்டு வைத்தியம் கிடையாது. பாதி வாடிய செடி ஒன்றை வேர் மண்ணோடு பிடுங்கி, கழுவாமல், சாக்கில் சுற்றி, ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். யானைமலைக்குப் பக்கத்தில், மேலூர் ரோட்டில், 1965-லிருந்து இருக்கிறது. முழுக்கச் செத்த செடியைக் கொண்டுபோனால் அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

இலையில் தூசி படிந்த மாதிரி, நூலாம்படை

கிளையைக் காகிதத்தின் மேல் தட்டுங்கள். விழுந்த புள்ளி நகர்ந்தால், விரலால் தேய்த்தால் சிவப்பாக இழுத்தால், சிவப்புச் சிலந்திப்பேன். கோடை வியாதி. மூன்று நாள் தொடர்ந்து இலையின் அடிப்பக்கம் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே முக்கால்வாசி போய்விடும். மிச்சத்துக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம் மட்டும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்காதீர்கள், இலை வெந்துவிடும்.

தூசிக்குப் பதில் இலையிலும் மொக்கிலும் வெள்ளையாகக் கம்பளி மாதிரி முடி வளர்ந்திருந்தால் அதுவும் ஒரு பேன்தான். வெட்டி எரித்துவிட்டு, அதே கந்தகம்.

பூ வர வேண்டிய இடத்தில் பச்சை இலைக் கொத்து

மருந்தே கிடையாது. செடியைப் பிடுங்கி எரியுங்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று அதிலிருந்து போத்து, அதாவது நடுகிற குச்சி, வெட்டி நாலு பேருக்குக் கொடுத்தால், நோயையும் நாலு வீட்டுக்குக் கொடுத்ததாகிவிடும்.

வாங்கின செடி குண்டுமல்லியே இல்லை

நர்சரிச் சீட்டில் "ஒரிஜினல் மதுரை மல்லி" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கி, இரண்டு வருஷம் கழித்து அடுக்கடுக்காக இதழ் விட்டு அடுக்குமல்லி வந்து நின்ற கதை என்னுடையது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்தப் பெயரைப் போடாத நர்சரி இல்லை. நம் பக்கத்து விவசாயிகள் நடுகிற கன்றில் பெரும்பகுதி ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம் பக்கத்துப் பதியன்கள்தான், அதனால் கன்று எங்கே வளர்ந்தது என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். பூவோடு நிற்கிற செடியைப் பார்த்து வாங்குங்கள், முடியாவிட்டால் நீங்கள் பூ பறித்துப் பார்த்த செடியிலிருந்து நீங்களே எடுங்கள். குண்டுமல்லி விதை வைப்பது அபூர்வம், போத்தும் பதியமும்தான் வழி. அதில் வருகிற கோளாறுகள் தனி.

போத்து வேர் பிடிக்கவில்லை

*குச்சி அப்படியே காய்ந்துவிட்டது:* சித்திரை, வைகாசியில் வைத்திருப்பீர்கள், இல்லையென்றால் தலைகீழாக. சிரிக்காதீர்கள், இலையை உருவின பின் எது மேல் எது கீழ் என்று தெரியாமல் நட்டவர்கள் நிறையப் பேர். இலை இருந்த தழும்புக்கு மேலேதான் குருத்து மொட்டு இருக்கும், அதுதான் மேல் பக்கம். வெட்டும்போதே அடிப்பக்கம் சாய்வாக, தலைப்பக்கம் நேராக வெட்டிக்கொண்டால் குழப்பமே வராது.

*அடி கறுத்து அழுகிவிட்டது:* ஈரம் அதிகம், அல்லது எரு கலந்த மண். வேர் பிடிக்கும் வரை எரு வேண்டாம், கழுவின மணல் போதும். தேங்காய் நார்க் கழிவு சேர்ப்பதானால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள், அதில் உப்பு இருக்கும்.

*துளிர் விட்டது, ஒரு மாதத்தில் செத்துவிட்டது:* எல்லோரும் மனசு உடைந்து போகிற இடம். குச்சிக்குள் இருந்த சேமிப்பில் இலை வந்துவிட்டது, கீழே வேர் வரவில்லை. துளிரைப் பார்த்ததும் வெயிலில் எடுத்து வைத்தீர்கள், அல்லது வேர் வந்துவிட்டதா என்று பிடுங்கிப் பார்த்து மறுபடி செருகினீர்கள். பிடுங்காதீர்கள். கண்ணாடி டம்ளர் மாதிரி தெளிவான பிளாஸ்டிக் கப்பில் வைத்தால் பக்கத்தில் வேர் தெரியும், அதுவரை நிழல்தான்.

சரியான போத்து என்பது பச்சைக் குருத்தும் இல்லாமல், சாம்பல் நிறத்தில் முற்றின குச்சியும் இல்லாமல் இடைப்பட்டது. வளைத்தால் கொஞ்சம் வளைந்து பிறகு முறிய வேண்டும். 15 முதல் 20 செ.மீ. நீளம், மூன்று நாலு கணு, கடைசிக் கணுவுக்கு ஒட்டிக் கீழே வெட்டு. மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு அதையும் பாதியாக நறுக்குங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். மேலே பாதி வெட்டின தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிடுங்கள். வேர் விடத் தூண்டுகிற பொடி கிடைத்தால் தொட்டு வைக்கலாம், கிடைக்காவிட்டாலும் பாதி தேறும். நவம்பர் கவாத்தில் விழுகிற குச்சியிலேயே பொறுக்கினால் நூறு போத்து கிடைக்கும்.

போத்து எத்தனை தடவை வைத்தாலும் வரவில்லை

விடுங்கள், பதியம் போடுங்கள். ஜூன் முதல் டிசம்பருக்குள். தரையோரம் ஓடுகிற, ஒரு வருஷக் கிளையை வளைத்து, வளைவின் அடிப்பக்கம் ஒரு கணுவுக்குக் கீழே பிளேடால் சாய்வாக, பாதித் தடிமன் வரை, மூன்று செ.மீ. நீளத்துக்குக் கீறுங்கள். கீறின வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு தீக்குச்சியை ஒடித்து இடையில் செருகுங்கள். அந்த இடத்தை 10 செ.மீ. ஆழத்தில் புதைத்து மேலே ஒரு செங்கல், நுனி வெளியே. செங்கல் இரண்டு வேலை செய்கிறது, கிளை எழும்பாமல் பிடிக்கிறது, அடியில் ஈரத்தைக் காக்கிறது.

மூன்று, நாலு மாதம். தாய்ச்செடி பக்கமிருந்து கிளையை ஒரே வெட்டாக அறுக்காதீர்கள். முதலில் பாதி வெட்டி விட்டுவிட்டு, பத்து நாள் கழித்து மீதியை அறுங்கள். அறுத்த அன்றே தோண்டவும் வேண்டாம். இன்னும் ஒரு வாரம் இலை தொங்காமல் நின்றால் மண் கட்டியோடு எடுத்து நடலாம், இடைவெளி ஒன்றே கால் மீட்டர். தொங்கினால் செங்கல்லைத் திரும்ப வைத்து, தண்ணீர் விட்டு, நிழல் கட்டி இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.